பவுனு, வயது பதினான்கு, இனம் இந்தியன்

பவுனுவுக்கு வயது நாற்பத்திரண்டு. தலைப்பில் பதினான்கு என்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். போட்டது நானில்லை. அவளேதான் போட்டுக்கொண்டாள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

டெல்லி மயூர் விஹாரில் பொருநை அபார்ட்மெண்ட்ஸ் என்று ஒரு கூட்டுறவுக் குடியிருப்பு. மூன்று பிளாக்குகள், ஒவ்வொன்றும் ஏழு மாடி. அது எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் சங்கராபுரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஆராயி என்பவள் தலையில் மணல் சட்டியோடு அந்த ஏழு மாடியும் ஏறி இறங்கியவள். கீழே மணல் குவியலில் உட்கார்ந்து மண்ணைத் தின்று அடி வாங்கிய ஐந்து வயதுப் பெண்தான் பவுனு. ஆகக் கூட்டிப் பார்த்தால், அந்தக் குடியிருப்புக்கு கேட் போடுவதற்கு முன்னாலேயே உள்ளே இருந்தவள் அவள். இப்போது அங்கே நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பெருக்கித் துடைக்கிறாள். பி-304 ராஜம் அம்மா வீட்டில் பதினான்கு வருஷம். சி-701 கோமளா அம்மா வீட்டில் ஒன்பது வருஷம். மற்ற இரண்டும் அதற்குப் பிறகு பிடித்தவை. குடியிருப்பது சாக்கடைக் கால்வாயை ஒட்டிய ஜுக்கியில், ஒரு குடிசையில்.

வினை வந்தது செயலாளர் கஸ்தூரிரங்கன் ரூபத்தில். மத்திய அரசில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த முப்பத்தைந்து வருஷத்தில் அவர் எதையும் அனுமதித்ததாக யாருக்கும் நினைவில்லை. வந்த விண்ணப்பத்தையெல்லாம் 'முழுமையாக இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பியே பெயரெடுத்த மனிதர். அப்படிப்பட்டவரின் கையில் 'வாசல்' என்று ஒரு ஆப் கிடைத்தது. குடியிருப்புக்குள் யார் நுழைந்தாலும் அதில் பதிவு செய்து, கழுத்தில் அட்டை மாட்டி, கேட்டில் உள்ள மெஷினிடம் காட்ட வேண்டும். பச்சை எரிந்தால் உள்ளே. சிவப்பு எரிந்தால் வெளியே.

ஆப்பைச் செய்து கொடுத்தவன் ஜெயசீலன், முனிர்காவில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு சில்லறை வேலை செய்கிற தூத்துக்குடிக்காரன். "சார், ஒவ்வொரு வகை ஆளுக்கும் ஒவ்வொரு ரூல் வைக்கலாம். எந்தக் கட்டத்தைக் காலியா விடக்கூடாது, எதுல நம்பர்தான் போடணும், எதுக்கு எவ்வளவு வரைக்கும் போகலாம், எல்லாம் நீங்க சொல்றபடி" என்றான் பாவம், தெரியாத்தனமாக. கஸ்தூரிரங்கனின் கண்கள் கலங்கிவிட்டன என்று அவன் பிறகு சொன்னான்.

ஒரு வாரம் உட்கார்ந்து அவர் விதிகள் எழுதினார். வீட்டுச் சொந்தக்காரருக்கு இரண்டு கேள்விகள். வாடகைக்காரருக்கு இருபத்திரண்டு. காய்கறி விற்க வருபவருக்குப் பதினைந்து. வீட்டு வேலைக்கு வருபவருக்கு நாற்பத்தொன்று. செல்லப் பிராணிகளுக்கும் முப்பது எழுதி வைத்திருந்தார். ஆனால் குடியிருப்பில் இருந்த பிராணி நேசர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். வாயில்லா ஜீவனிடம் இத்தனை கேள்வியா, உங்களுக்கெல்லாம் நெஞ்சில் ஈரமே கிடையாதா என்று ஒரு அம்மாள் கூட்டத்திலேயே அழுதாள். சரி தொலையட்டும் என்று அதை ஆறாகக் குறைத்தார்.

முதல் தேதியிலிருந்து அட்டை இல்லாதவர்களுக்குக் கதவு கிடையாது என்று கேட்டில் ஒட்டினார்கள். பவுனுவுக்குப் பகீரென்றது. நாலு நாள் வராமல் இருந்தால் போதும், ஏஜென்சி ஆளைக் கூப்பிட்டு வேலைக்கு வைத்துவிடுவார்கள். நாலு வீடும் போனால் ஜுக்கியில் அடுப்பு எரியாது. அன்று பாத்திரத்தைக்கூடத் தொடாமல் நேரே ராஜத்திடம் போய் நின்றாள்.

ராஜம் டெலிபோன் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். தனியாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எடுத்து உட்கார்ந்தார்.

"வீட்டு நம்பர் கேக்குது, பவுனு."

"நம்பர் ஏதும்மா? அரச மரத்துக்குப் பின்னால, பிரதான் கடைக்கு ரெண்டு வூடு தள்ளி."

ராஜம் அப்படியே அடித்தார். எண் மட்டும் போடவும் என்று கட்டம் சிவந்தது. பூஜ்யம் போட்டார். ஒன்றுக்குக் குறையக் கூடாது என்றது. ஒன்று போட்டார். மின் கட்டண ரசீதில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்றது.

"கரண்ட் பில்லா? நாங்க கம்பத்துலேர்ந்து இழுத்துக்கறம்மா" என்றாள் பவுனு, குரலைத் தாழ்த்தி.

"அத உரக்கச் சொல்லாத. போன் நம்பர் சொல்லு."

சொன்னாள். அந்த எண் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்றது. பவுனுவின் புருஷன் முத்து காய்கறி வண்டி தள்ளுகிறவன். பொழுது விடியுமுன்னே போய் அதே எண்ணைக் கொடுத்து விற்பனையாளராகப் பதிந்துகொண்டுவிட்டான். வீட்டில் இருப்பது ஒரே போன். வேறு எண்ணுக்கு எங்கே போவது?

போட்டோ எடுத்தார்கள். முகத்தில் ஒளி பிரதிபலிக்கிறது, அகற்றவும் என்று வந்தது. மூக்குத்தி!

"அதைக் கழட்டிட்டு ஒரு போட்டோ எடுத்துடலாமே."

"கழட்ட மாட்டேன்மா. எங்கம்மா போட்டது. அவ போனப்பகூட நான் அதுல கை வெக்கல."

ராஜம் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. இதற்கு முன் வேலை பார்த்த வீட்டின் நற்சான்று கேட்டது. பவுனு முதன்முதலில் வேலைக்கு வந்ததே ராஜம் வீட்டுக்குத்தான். இல்லை என்று அடித்தால் கட்டாயம் நிரப்பவும் என்று சிவந்தது. ராஜம் வெறுத்துப்போய் விரலால் திரையைத் தள்ளித் தள்ளி அடிவரைக்கும் போய்ப் பார்த்தார்.

"அடக் கண்றாவியே, பேரையே முப்பத்தெட்டாவது கேள்வியிலதான் கேக்குறான்!"

பவுனு தரையில் உட்கார்ந்தபடி திரையை எட்டிப் பார்த்தாள். மேலே வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள். கடைசியில் ஒரு நாய்.

"அது என்னாம்மா, நாயிக்குமா ஃபாரம்?"

"ஆமா, அதுக்கும் அட்டை உண்டாம்."

"அதுக்கு எத்தினி கேள்வி?"

"ஆறு."

"எனக்கு?"

"நாப்பத்தொண்ணு."

பவுனு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப அதையே போடும்மா. ஜல்தி போடு, சி-701ல பாத்திரம் காஞ்சுக்கினு கெடக்கு."

"சீ, என்ன பேச்சு பேசுற! நான் உன்னைப் போய் நாய்னு எழுதுறதா?"

"எழுதுனா நாயாயிருவனா? கேட்டு தெறந்தா போதும்மா."

ராஜம் கொஞ்ச நேரம் 'சேச்சே' என்றார், 'பாவம் பாவம்' என்றார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு நாய்ப் படத்தைத் தொட்டார். முதல் கேள்வியே பெயர். பவுனு என்று அடித்தார், கட்டம் பச்சையானது. வீட்டு எண், பி-304. பச்சை. வயது நாற்பத்திரண்டு என்றதற்கு இருபதுக்கு மேல் போகக் கூடாது என்றது. "ஒங்கூட்டுக்கு வந்து பதினாலு வருசம், அதப் போடு" என்றாள் பவுனு. பச்சை. எடை ஐம்பத்தைந்து கிலோ, பச்சை. இனம் என்று கேட்டு ஒரு பெரிய பட்டியலை நீட்டியது. லாப்ரடார், பொமரேனியன் என்று ராஜம் படித்துக்கொண்டே வந்து நிறுத்தினார்.

"இந்தியன்னு ஒண்ணு இருக்கு."

"அதான்மா நான்!" என்றாள் பவுனு சந்தோஷமாக.

தடுப்பூசிச் சான்றிதழ் கேட்டது. கோவிட் சமயத்தில் இரண்டு ஊசி போட்ட காகிதத்தை அவள் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தாள். அதைப் படம் எடுத்து ஏற்றினார்கள். பச்சை. அவ்வளவுதான், நாலே நிமிஷம்.

முதல் தேதி காலையில் பவுனு கழுத்தில் பாத அடையாளம் போட்ட அட்டையை மாட்டிக்கொண்டு கேட்டில் நின்றாள். அட்டையை மெஷினில் காட்டினாள். பச்சை எரிந்தது. "வெல்கம் பவுனு, கயிற்றைக் கையில் பிடித்துக்கொள்ளவும்" என்று ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் இனிமையாகச் சொன்னது. கேட்டில் நின்ற திவாரி அவளைப் பல வருஷமாகத் தெரிந்தவன். மெஷினைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கயிறு எங்கே என்று இந்தியில் கேட்டான். பவுனு தோளில் தொங்கிய பையின் வாரைத் தூக்கிக் காட்டினாள். "யே லோ பையா" என்றாள், இந்தா அண்ணே என்பதுபோல. மெஷின் பச்சை என்றால் எனக்கும் பச்சை என்று அவன் சலாம் போட்டு வழிவிட்டான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாயாகப் போன பிறகுதான் அந்தக் குடியிருப்பில் மனுஷ வாழ்வு எப்படி இருக்கும் என்று பவுனுவுக்குத் தெரிந்தது. வேலைக்காரர்களுக்கு என்று தனி லிஃப்ட் உண்டு, பொங்கலிலிருந்து அது ஓடவில்லை. நல்ல லிஃப்ட்டில் அவர்கள் ஏறக் கூடாது. ஆனால் நாய்கள் ஏறலாம், பிராணி நேசர்கள் அதற்கும் விதி வாங்கி வைத்திருந்தார்கள். பவுனு அட்டையைக் காட்டினாள், கதவு திறந்தது, கண்ணாடி பதித்த லிஃப்ட்டில் ஏழாம் மாடி வரைக்கும் நின்றபடியே போனாள். அவள் அம்மா மணல் சுமந்து ஏறிய உயரம் அது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சாயங்காலம் வெளியே போகும்போது வேலைக்காரர்களின் பையைத் திறந்து பார்ப்பது வழக்கம். நாய்க்கு ஏது பை? திவாரி தொடவில்லை.

விஷயம் மறைந்திருக்குமா? மூன்று வாரத்தில் அறுபத்து மூன்று பேர் நாயானார்கள். சமையல்காரி, கார் துடைக்கிறவன், குழந்தை பார்த்துக்கொள்கிறவள், எல்லாருக்கும் கழுத்தில் பாதம்.

கஸ்தூரிரங்கன் தன் கம்ப்யூட்டரில் கணக்கைப் பார்த்துத் திடுக்கிட்டார். செல்லப் பிராணிகள் எழுபத்து நான்கு! வீட்டுப் பணியாளர்கள் பூஜ்யம்! இரண்டாவதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை, விதி நன்றாக வேலை செய்கிறது என்று உள்ளுக்குள் பெருமைகூடப் பட்டார். பெருக்கியது யார், துடைத்தது யார், தன் வீட்டு டம்ளரைக் கழுவியது யார் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. நாய்கள்தான் அவரை வாட்டின. கைத்தடியோடு நாலு நாள் விடியற்காலையில் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு குரைப்பு கூடவில்லை, புல்லில் ஒரு அசிங்கம் கூடவில்லை. மனம் நெகிழ்ந்து, 'நமது குடியிருப்பின் பிராணிகள் காட்டும் ஒழுக்கம் குடியிருப்போருக்கும் முன்மாதிரி' என்று சுற்றறிக்கையே விட்டார். ஆனாலும் அரசாங்கப் புத்தி சும்மா இருக்குமா? நேரில் ஆய்வு செய்யாமல் தூக்கம் வரவில்லை. பட்டியலில் முதலில் இருந்தது பி-304, பவுனு. பட்டியலும் கையுமாக வந்து மணியடித்தார்.

ராஜம் வெலவெலத்துப் போய்க் கதவைத் திறந்தார். கஸ்தூரிரங்கன் சோபாவின் நுனியில் உட்கார்ந்து கால்களைத் தூக்கிக்கொண்டார்.

"பவுனுவைக் கட்டிப் போட்டிருக்கேளா?"

"இல்லைங்க, உள்ள பாத்திரம்..." ராஜம் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

"கடிக்குமோ?"

"இதுவரைக்கும் இல்லை."

பவுனு காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே டம்ளரை எடுத்துக்கொண்டார். "நல்ல காபி. அது சரி, ஊசியெல்லாம் போட்டாச்சோ?"

"ரெண்டு போட்டாச்சுங்க சார்" என்றாள் பவுனு.

"உன்னைக் கேக்கலைம்மா, நாயைக் கேட்டேன்."

"அச்சா சார். நாயிக்கும் ரெண்டுதான்."

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். அவள் கழுத்தில் தொங்கிய அட்டை. பாத அடையாளம். பவுனு, பி-304, இந்தியன். காபி புரையேறி, ராஜம் தலையில் தட்டி, தண்ணீர் கொடுத்து, மனிதர் திரும்பவும் பேச ஐந்து நிமிஷம் ஆயிற்று.

"மோசடி! நாளைக்கே அத்தனை அட்டையையும் ரத்து பண்றேன். ஒருத்தர் உள்ளே வரப்படாது!"

பவுனு அட்டையை முந்தானையால் மூடிக்கொண்டாள். நாலு வீடும் கண் முன்னால் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்வது போல இருந்தது. ராஜத்துக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ, பட்டியலை அவர் கையிலிருந்து பிடுங்கிப் படித்தார். "ஏ-102, இளவரசி, அஞ்சு வயசு, இந்தியன். ஏ-102 யார் வீடு சார்?"

அது கஸ்தூரிரங்கனின் வீடு. அவர் மனைவி சுந்தரவல்லி யாரிடமும் சொல்லாமல் தன் வீட்டுச் சமையல்காரியை நாயாக்கியிருந்தாள். நாற்பத்தொரு கேள்வி கேட்டு அவளை விரட்டிவிட்டு இந்த வயதில் நான் அடுப்படியில் நிற்கவா என்று அன்று சாயங்காலம் அவரை அவள் கேட்ட கேள்வி பி பிளாக் வரைக்கும் கேட்டது.

மறுநாள் கஸ்தூரிரங்கன் ஜெயசீலனைக் கூப்பிட்டு அனுப்பினார். வீட்டு எண் இல்லாவிட்டால் இல்லை என்று போடலாம். போன் எண் புருஷனோடதாக இருந்தாலும் பரவாயில்லை. மூக்குத்தி இருந்துவிட்டுப் போகட்டும். முந்தைய வீட்டு நற்சான்று வேண்டாம். அவர் வாழ்நாளில் முதல்முறையாக விதியைத் தளர்த்தினார். ஒரே நிபந்தனை: ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாரும் நாய்ப் பதிவை நீக்கிவிட்டு வேலைக்காரராகப் பதிந்துகொள்ள வேண்டும். தவறினால் திங்கட்கிழமை கேட் திறக்காது.

ஞாயிறு மத்தியானம் பவுனு ராஜத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நீக்கு என்ற பொத்தானைத் தொட்டதும் காரணம் கேட்டது. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும். வேறு வீட்டுக்குக் கொடுக்கப்பட்டது. தொலைந்துவிட்டது. இறந்துவிட்டது.

"வேற வூட்டுக்குக் குடுத்துட்டன்னு போடும்மா."

போட்டார். புதிய சொந்தக்காரரின் வீட்டு எண் கேட்டது, மின் கட்டண ரசீதோடு.

"சரி, தொலஞ்சிட்டன்."

போலீஸ் புகார் எண் கேட்டது.

ராஜம் ஜெயசீலனுக்குப் போன் போட்டுத் திட்டினார். "நாய்க்கு என்ன ஆகும்னு செயலாளர் சார் கேட்டாரு, இந்த மூணுதான் ஆகும்னு நான் போட்டேன் ஆன்ட்டி. ராஜினாமான்னு ஒண்ணு போடணும்னு தோணல. பிராணி ரூல மாத்தணும்னா கமிட்டி கையெழுத்து வேணும், அடுத்த கூட்டம் இருபதாம் தேதி" என்றான் அவன்.

இருந்தது மூன்றாவது ஒன்றுதான். ராஜம் விரலைத் திரைக்கு மேலே வைத்துக்கொண்டே இருந்தார். "என்னால முடியாதுடி பவுனு. கை வரமாட்டேங்குது."

பவுனுவும் விரலை நீட்டி இழுத்துக்கொண்டாள். நாய் என்று போட்டபோது ஒன்றும் தோன்றவில்லை, சிரிப்பாகத்தான் இருந்தது. இது வேறு. ஆராயி செத்தபோது சான்றிதழ் வாங்க நாலு நாள் ஒரு ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. "செத்துப் போனவளுக்குத்தான் ஒரு கேள்வியும் இல்லபோல" என்று சொல்லிக்கொண்டே தன் விரலால் தானே அழுத்தினாள். பச்சை எரிந்தது.

பிராணி நேசர்கள் கேட்டு வாங்கியிருந்த இன்னொரு வசதி அவர்கள் இருவருக்கும் தெரியாது. ஒரு பிராணி இறந்தால் குடியிருப்பு முழுவதற்கும் செய்தி தானாகவே போகும். 'பி-304இன் அன்புக்குரிய பவுனு, வயது பதினான்கு, நம்மை விட்டுப் பிரிந்தது.' இரண்டு நிமிஷத்தில் ராஜத்தின் போன் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. ஐயோ பாவம். எத்தனை சாதுவான ஜீவன். லிஃப்ட்டில் பார்த்த மாதிரி ஞாபகம், என்ன அழகான கண்கள். பதினான்கு வருஷம் என்பது நாய்க்கு நிறைந்த வயசு, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். பவுனு வேலைக்குப் போகாத வீடுகளிலிருந்தெல்லாம் வந்தது. அவள் வேலை பார்க்கிற நாலு வீட்டில் இரண்டிலிருந்துகூட வந்தது. ராஜம் ஒவ்வொன்றாகப் படிக்க, முதலில் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பத்துப் பதினைந்து படித்ததும் பவுனு, "போதும்மா, வுடு" என்றாள்.

திங்கட்கிழமை காலை புது அட்டை. வீட்டுப் பணியாளர். மெஷினில் பச்சை எரிந்தது, வெல்கம் சொல்லவில்லை. திவாரி பழையபடி பையைத் திறந்து காட்டச் சொன்னான். நல்ல லிஃப்ட் திறக்கவில்லை, வேலைக்காரர் லிஃப்ட் ஓடவில்லை. சி பிளாக்கின் ஏழு மாடியையும் மூச்சு வாங்க ஏறினாள். எப்படியோ, நாலு வீடும் கையை விட்டுப் போகவில்லை என்று படிக்குப் படி தனக்கே சொல்லிக்கொண்டாள்.

கோமளா அம்மா கதவைத் திறந்தாள். ஒன்பது வருஷமாக அவள் போனில் பவுனுவின் பெயர் 'மெய்ட் டூ'. கூப்பிடுவது 'இந்தாம்மா'. கண்கள் சிவந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"இந்தாம்மா, இஞ்சி தட்டிப் போட்டு ஒரு டீ போடேன். மனசே சரியில்ல. நம்ம ராஜம் வீட்டு நாய் செத்துப்போச்சாம், பதினாலு வருஷமா வளத்தாங்களாம். நாய் வளக்குறாங்கன்னே எனக்குத் தெரியாது, பாரேன். பேரு பவுனுவாம். எவ்வளவு ஆசையா வச்சிருப்பாங்க!"

பவுனு வாசலிலேயே நின்றாள். இன்னும் மூச்சு வாங்கியது. "எம்பேரும் பவுனுதாம்மா."

கோமளா அவளைப் பார்த்தாள். ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக, மூக்குத்தியிலிருந்து புது அட்டை வரைக்கும் நிறுத்தி நிதானமாகப் பார்த்தாள்.

"அப்படியா? ஒன்பது வருஷமா நீ சொல்லவே இல்லையே!"

"யாரும் கேக்கலியேம்மா. நாயி ஃபாரத்துலதான் மொத கேள்வியே அதாயிருந்துச்சு."

சொல்லிவிட்டு பவுனு உள்ளே போய் டீக்குத் தண்ணீர் வைத்தாள்.